மலைவாழையும் ஓரக்குறிப்பும்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு மாலை, காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பங்கு மக்களுள் ஒருவர் மடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நம் இல்லத்து வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தாள். நகரத்து நிறுவனம் ஒன்று அவளுக்கு அனுப்பியிருந்த அறிவிப்பு அது. மூன்று மாதங்களில் மாணவி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வழிகாட்டி ஒருவர் அமர்த்தப்படுவார். கட்டுரை அவள் பெயரோடு ஆய்விதழ் ஒன்றில் வெளியாகும். அதைக் காட்டினால் பெரிய கல்லூரிகளின் கதவுகள் திறக்கும் என்று அதில் கண்டிருந்தது. கட்டணம் அம்மனிதர் ஓராண்டு முழுதும் ஈட்டும் கூலிக்குக் குறைந்ததன்று. "தோட்டை வச்சுரலாமுன்னு இருக்கோம் சாமி. இது நல்லதுதானே?" என்றார்.

நல்லதென்றும் அல்லதென்றும் நம்மால் உடனே சொல்ல இயலவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரம் நீண்டு ஓராண்டாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் வரலாறு, இலக்கியம், சமூகம் ஆகிய துறைகளில் ஆய்வு எழுதி அச்சிடுவது பற்றி இக்காலத்தில் நாம் படித்தறிந்ததையும், நம் கண்முன்னே நடந்ததையும், அதில் நாமே செய்த ஒரு பிழையையும் வாசகர்முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் அந்த அறிவிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பார்ப்போம். 2023 மே மாதத்தில் அமெரிக்காவின் புரோபப்ளிகா என்னும் புலனாய்வுச் செய்தி நிறுவனம் இவ்வணிகத்தைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளியிட்டது. மேல்நிலைப் பள்ளி மாணவரை 'ஆய்வாளர்' ஆக்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் 2,500 முதல் 10,000 டாலர் வரை பெற்றுக்கொள்வதையும், கட்டுரைகளை ஏற்கவென்றே சில இதழ்கள் தோன்றியிருப்பதையும், வல்லுநர் மதிப்பீடு என்பது அவற்றுட் சிலவற்றில் பெயரளவில் நிற்பதையும் அக்கட்டுரை எடுத்துக்காட்டியது. மாணவர் எழுத வேண்டியதில் எவ்வளவு வழிகாட்டி எழுதினார் என்பதும் பல இடங்களில் தெளிவாக இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்குரிய விண்ணப்பத்தில் ஒரு வரியைக் கூட்டுவதே நோக்கமாகிவிட்டால், அந்த வரி உண்மையா என்று கேட்பார் யார்?

அமெரிக்காவைப் பழிப்பது எளிது. நம் வீட்டிலும் இதே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கருத்தரங்கிற்குப் பேராளர் கட்டணம் செலுத்தினால் கட்டுரை தொகுதியில் இடம்பெறும், தொகுதிக்கு ஐ.எஸ்.பி.என். எண் உண்டு, சான்றிதழும் மதிய உணவும் உண்டு. அரங்கில் கட்டுரையை வாசிக்க மூன்று நிமிடம் கிடைத்தால் பேறு. நம் தமிழாசிரியர் பலரும் இதனை அறிவர். சிரித்தபடியே ஒப்புக்கொள்ளவும் செய்வர். பணம் பெற்றுக்கொண்டு அச்சிடும் போலி இதழ்களைத் தடுக்கவென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்த 'கேர்' என்னும் இதழ்ப் பட்டியலை அக்குழுவே 2025 பிப்ரவரியில் கைவிட்டது. பேராசிரியர்களுக்கே தீராத நோய் இது. அவர்கள் தடுமாறிய பாதையில் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி தடுமாறினால் அவளைக் குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் இளையோர் ஆய்வு அனைத்தும் வணிகமே என்று முடிவுகட்டுவதும் சோம்பல். மறுபக்கச் சான்று ஒன்றுண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு நகரில் வரலாற்றாசிரியராயிருந்த வில் ஃபிட்ஸ்ஹ்யூ என்பவர் 1987-இல் 'தி கான்கார்டு ரிவியூ' என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். மேல்நிலைப் பள்ளி மாணவர் எழுதிய வரலாற்றுக் கட்டுரைகளை மட்டுமே வெளியிடும் இதழ் அது. கட்டுரைகள் நீண்டவை, பலவும் ஐயாயிரம் சொற்களைத் தாண்டுவன, ஒவ்வொன்றின் இறுதியிலும் சான்றுக் குறிப்புகள் முறையாக நிற்கும். வந்து குவிவனவற்றுள் மிகச் சிலவே ஏற்கப்படுகின்றன. பல நாடுகளிலிருந்து இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் அதில் வந்துள்ளன. பந்தாட்டக்காரப் பிள்ளைக்கு ஊரே மாலை சூட்டுகிறது, நூலகத்தில் அமர்ந்து ஒரு நல்ல கட்டுரை எழுதிய பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது ஃபிட்ஸ்ஹ்யூவின் நெடுநாள் முறையீடு. அதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். நம் பங்குகளில் ஆண்டுவிழா நடக்கும்போது கோப்பை யாருக்குப் போகிறது என்று பார்த்தாலே இது விளங்கும்.

இவ்விதழில் நாம் மெச்சுவது, வயதைக் காரணங்காட்டி எவருக்கும் சலுகை தராமை. ஒரு முழு நூலைப் படித்து முடிக்க இளையவரால் இயலும் என்னும் நம்பிக்கை அதன் அடித்தளம். அங்கும் நமக்கொரு மனக்குறை உண்டு. நாம் பார்த்த அளவில் அதன் கட்டுரைகளிற் பெரும்பாலானவை அரசர், போர், புரட்சி, அரசியல் சட்டம் பற்றியவை. நூலகத்தில் பிறந்து நூலகத்திலேயே முடிபவை. ஆங்கிலமும் நல்ல நூலகமும் வாய்க்காத பிள்ளைக்கு அந்த வாசல் தொலைவிலேயே உள்ளது. நம் மலையிலேயே இவ்வேறுபாடு கண்கூடு. கொடைக்கானலில் 1901-இல் தோன்றிய பன்னாட்டுப் பள்ளியில் ஐ.பி. பட்டயப் படிப்பில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தாமே பொருள் தேர்ந்து எழுதியாக வேண்டும். அங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள நம் பண்ணைக்காட்டுப் பிள்ளைக்குப் பாடத்திட்டத்தில் அப்படியொரு கட்டாயம் இல்லை. கட்டாயமாக இல்லாததால் வாய்ப்பாகவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் மடித்த தாளோடு வணிகர் நுழைகிறார்.

பள்ளி வயதில் எழுதி அச்சேறுவது தமிழுக்குப் புதியதன்று. நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம் அங்கிருந்த வெசுலியன் மிஷன் பள்ளியில் பயின்றவர். தந்தை மறைந்ததால் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஊரில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் அவர் தமிழிலக்கண இலக்கியங்களைக் கற்றார். பதினாறு வயதளவில் சங்கம் ஒன்று அமைத்து உரையாற்றினார். இதழ்களில் சமயமும் இலக்கியமும் பற்றி எழுதினார். இவரே பின்னாளில் மறைமலையடிகள். அந்த இளம்பருவக் கட்டுரைகளை இன்று யார் தேடிப் படிக்கிறார்? அவரை நிலைநிறுத்தியவை 1903-இல் வந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையும், 1906-இல் வந்த பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையும். இளமையில் அச்சேறியவை மறைந்தன. புத்தகக் கடையின் பின்கட்டில் ஒருவர் எதிரில் அமர்ந்து வரிவரியாகக் கற்றது நின்றது. ஓலையும் அச்சும் அடுக்கிக் கிடந்த அக்கடையில் நாராயணசாமிப் பிள்ளை அம்மாணவருக்குச் சான்றிதழ் எதையும் தந்திருக்கமாட்டார்.

நம் காலத்தில் இதற்கு நெருங்கிய ஒரு முயற்சி இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் நிகழ்ந்தது. ஆசிரியர் வே. இராஜகுரு அங்குத் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, மாணவருக்குக் கல்வெட்டு வாசிக்கவும் படியெடுக்கவும் கற்பித்தார். தம் ஊரைச் சுற்றியுள்ள வயலிலும் கண்மாய்க் கரையிலும் கிடந்த பானையோடுகளையும் பழங்காசுகளையும் பிள்ளைகள் இனங்கண்டு சொல்லலாயினர். கீழடிக்கும் இத்தகைய முற்கதை ஒன்றுண்டு. 2015-இல் அகழாய்வு தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1970களில், அங்கே வெளிப்பட்ட பழம்பொருள்களின் அருமையை உணர்ந்து தொல்லியல் துறைக்குத் தெரிவித்தவர் பள்ளி ஆசிரியர் வி. பாலசுப்பிரமணியம். இவ்விரு இடத்திலும் கவனிக்கத்தக்கது ஒன்றே. பொருள் முதலில் வந்தது. கட்டுரை பின்னர் வந்தது. நம் அறிவிப்புத் தாளிலோ கட்டுரை முதலில் உறுதியளிக்கப்படுகிறது. பொருளைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

பொருளுக்கு இம்மலையில் பஞ்சமில்லை. பழனி மலைத் தொடரெங்கும் கல்திட்டைகள் கிடக்கின்றன. தமிழகத்தில் இவற்றைப் பாண்டவர் கட்டியவை என்றும் குள்ளர் வாழ்ந்தவை என்றும் பலவாறு கதை சொல்வர். செண்பகனூரில் பணியாற்றிய இயேசு சபைக் குருக்களாகிய ஆங்லாடும் நியூட்டனும் மலையெங்கும் நடந்து இவற்றை அளந்து வரைந்தனர். அவர்தம் நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் தன் ஆய்வு வரிசையின் 36-ஆம் நூலாக வெளியிட்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராஜன் நம் அண்டை ஊராகிய தாண்டிக்குடியில் அகழாய்வு நடத்தினார். இத்தனை இருந்தும் கல்திட்டையின் மேல் காப்பிக்கொட்டை உலர்த்துகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த 1928-ஆம் ஆண்டு நூலின் பெயர் தெரியாது. நாமும் இங்கு வந்து சில ஆண்டுகள் கழித்தே அதைக் கையில் எடுத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இனி அம்மாணவியிடம் வருவோம். கட்டணம் செலுத்த வேண்டாம், முதலில் ஏதேனும் எழுதிக்கொண்டு வரட்டும் என்று தந்தையிடம் சொல்லியனுப்பினோம். கல்திட்டை பற்றி எழுதுவாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ பதினான்கு பக்கத்தில் மலைவாழை பற்றி எழுதி வந்தாள். விருப்பாட்சி, சிறுமலை ஆகிய மலைவாழைகள் 2008-இல் புவிசார் குறியீடு பெற்றவை. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உரியவை. இந்தச் செய்தியெல்லாம் அவள் கட்டுரையில் இரண்டே வரிகளில் அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் அவள் பாட்டி சொன்னது. காப்பிச் செடிக்கு நிழலாக வாழை நின்ற காலம்; பாதையில்லாத சரிவுகளில் குதிரை முதுகில் தார்கள் இறங்கிய காலம்; பிறகு நோய் விழுந்து தோட்டம் தோட்டமாக அழிந்த காலம். முடிக்கொத்து நோய் என்று வேளாண் துறையார் கூறும் அது 1889-இல் பீஜித் தீவில் முதன்முதல் பதிவானது. 1913-இல் இலங்கையில் காணப்பட்டுப் பின்னர்த் தென்னகத்துக்கு வந்தது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியால் பரவுகிறது. நோய் வந்ததால் வாழை போனது, வாழை போனதால் சனங்கள் கீழ்நாட்டுக்கு இறங்கிவிட்டார்கள் என்பது பாட்டியின் முடிபு. பேத்தியின் முடிபும் அதுவே.

இங்கேதான் நாம் பிழை செய்தோம். நல்லெண்ணத்தோடு சிவப்புப் பேனாவை எடுத்தோம். குருமடத்தில் கற்ற கட்டுரை இலக்கணம் அத்தனையும் அந்தப் பதினான்கு பக்கத்தின்மேல் இறங்கியது. "வாழை கொண்டை போட்டுக்கிட்டு நின்னுச்சு" என்று பாட்டி சொன்னதாக அவள் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, "வாழை முடிக்கொத்து நோயால் தாக்குண்டது" என்று எழுதினோம். குதிரைக்காரர் ஒருவரைப் பற்றிய ஒன்றரைப் பக்கத்தைக் கிளைக்கதை என்று நீக்கினோம். இறுதியில், படைப்பு முழுவதும் மனிதனோடு சேர்ந்து பெருமூச்செறிவது பற்றி ஒரு பத்தியும் சேர்த்தோம். அது நல்ல பத்தி; இன்றும் அப்படியே எண்ணுகிறோம்.

திருத்திய படியை வாங்கிக்கொண்டு போன மாணவி இரண்டு நாள் கழித்து வந்தாள். முகத்தில் கோபமில்லை, ஐயம் மட்டுமே இருந்தது. "இந்த வார்த்தை பாட்டிக்குத் தெரியாது சாமி" என்றாள் முதலில். பிறகு கடைசிப் பத்தியைக் காட்டி, "இது யார் சொன்னதுன்னு அடிக்குறிப்பில் எழுதணும்?" என்று கேட்டாள்.

நாம் என்ன மறுமொழி சொல்ல முடியும்? பணம் பெற்ற வழிகாட்டி எழுதித் தருவதைக் கண்டிக்க முற்பட்ட நாம், பணம் பெறாமல் அதையே செய்திருந்தோம். அவள் பெயரில் நம் குரல் அச்சேற இருந்தது. சொல்லப்போனால் அந்த நிறுவனத்தார் குறைந்த அளவு ஒப்பந்தமேனும் எழுதியிருப்பர். நீக்கிய பக்கங்களைத் திரும்பச் சேர்த்தோம், பத்தியை எடுத்துவிட்டோம். கொண்டை போட்டுக்கொண்டு நின்ற வாழை திரும்பி வந்தது. அந்நோயை நேரிற் கண்டவர் அறிவர்: வளர்ச்சி குன்றி, குறுகிய இலைகள் உச்சியில் நெருக்கமாய் நிமிர்ந்து நிற்பதைக் காட்டும் அச்சொல், அறிவியல் சூட்டிய பெயருக்குச் சற்றும் குறைந்ததன்று.

அதன்பின் அவள் கேட்டது நம்மை இன்னும் இக்கட்டில் ஆழ்த்தியது. சனங்கள் எப்போது ஊரைவிட்டுப் போனார்கள் என்பதற்குப் பாட்டியின் நினைவைத் தவிர வேறு சான்று உண்டா என்று நாம்தான் கேட்டிருந்தோம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதிப்படி ஒருவருடைய திருமணமும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்படவேண்டும். வெளியூரில் மணந்தவருக்கு அவ்வூர்ப் பங்கிலிருந்து அறிவிப்பு வரும். இங்குள்ள குரு பழைய ஏட்டைத் திறந்து ஓரத்தில் எழுதுவார். ஒருவர் இங்கே பிறந்து எங்கே போய் வாழ்வு தொடங்கினார் என்பது அந்த ஓரக்குறிப்பில் நிற்கிறது. அலுவலகத்தில் எத்தனையோ முறை அவ்வேடுகளைப் புரட்டிச் சான்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவை ஒரு மலையூரின் இடப்பெயர்ச்சி வரலாறு என்று நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆனால் அதே ஏடுகளில் வேறு செய்திகளும் உள்ளன. தந்தை பெயர் எழுதப்படாத பதிவுகள் உண்டு. ஊரார் மறந்துவிட்ட, மறக்க விரும்புகிற செய்திகள் உண்டு. சிறிய ஊரில் பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க இயலாது. இவ்வேடுகள் அன்னியர் கையில் சேராதபடி காக்க வேண்டும் என்று அதே விதி பங்குக் குருவைக் கட்டுகிறது. பள்ளி மாணவர் ஆய்வு பற்றிப் பேசுவோர் இவ்வகைக் கேள்விகளைத் தொடுவதே அரிது. அறிவிப்புத் தாளிலும் இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. மருத்துவ ஆய்வுக்கு அறநெறிக் குழு வேண்டும் என்பது எல்லார்க்கும் தெரியும். பாட்டியின் நினைவுக்கும் பங்கின் ஏட்டுக்கும் அது வேண்டாமா? முதலில் மறுத்துவிட்டோம். ஒரு வாரம் உறக்கம் சரியில்லை. முடிவில் இப்படிச் செய்தோம்: ஏடு நம் கையிலேயே இருந்தது, ஆண்டையும் திருமணம் நடந்த ஊரையும் மட்டும் நாம் வாசித்தோம், மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்து அவள் குறித்துக்கொண்டாள். பெயர் எதுவும் அவள் காதில் விழவில்லை. தவக்காலத்து மாலைகள் பல அவ்வாறு கழிந்தன. வத்தலக்குண்டு, திண்டுக்கல், திருப்பூர், மறுபடியும் திருப்பூர் என்று நாம் சொல்லிக்கொண்டே போனோம்.

எண்ணி முடித்தபோது கணக்கு பாட்டிக்கு எதிராக நின்றது. நோய் வந்ததாகப் பாட்டி சொன்ன காலத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே வெளியூர்க் குறிப்புகள் மிகத் தொடங்கியிருந்தன, குறிப்பாகப் பெண்களுடையவை. வாழை நன்றாக விளைந்த நாளிலேயே பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாணவி அழுதுவிட்டாள். பதினான்கு பக்கமும் வீணாயிற்று என்று எண்ணினாள் போலும். ஆய்வு என்பது அந்த அழுகையில்தான் தொடங்குகிறது என்று அப்போது நமக்குத் தோன்றியது, அவளிடம் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் வெளியீடு என்று உறுதியளிப்பவர் எவரும் இந்த இடத்திற்கு வந்து சேர நேரமிராது. இங்கு வந்து சேர்ந்தால் கட்டுரை முடியாது. கட்டுரை முடியாவிட்டால் கட்டணம் நியாயப்படாது.

செய்தியைப் பாட்டியிடம் சொன்னபோது அம்மையார் சினந்துகொண்டார். ஏட்டில் எழுதியிருப்பது கல்யாணமாகிப் போனவர்களை. தான் சொன்னது குடும்பத்தோடு போனவர்களை. இரண்டும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார். இதைவிடக் கூர்மையான மதிப்பீட்டுரையை எந்த ஆய்விதழின் வல்லுநரும் எழுதிவிட முடியாது. குடும்பத்தோடு இறங்கியவர்க்கு ஞானஸ்நான ஓரக்குறிப்பு சான்றாகாது. அவர்களைத் தேடுவதென்றால் குடும்ப அட்டைப் பழம்பதிவோ, பள்ளிச் சேர்க்கை ஏடோ, தோட்டத்துக் கூலிக் கணக்கோ வேண்டும்.

தந்தை தோட்டை அடகு வைக்கவில்லை. கட்டுரை இன்றுவரை எந்த இதழிலும் வெளிவரவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் அதைப்பற்றி ஒரு வரி எழுதக்கூட இடமில்லை என்று அவர் நம்மிடம் சற்று வருத்தத்தோடு சொன்னார், அவ்வருத்தம் நியாயமானதே. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கென்று 2022 முதல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என இதழ்கள் உண்டு. அவை கீழ் வகுப்பினருக்கு உரியவை. மேல்நிலை மாணவர் ஒருவர் சான்றுகளோடு நீளமாக எழுதிய கட்டுரையைத் தமிழில் பெற்று, இருவர் படித்து, இங்கே பிழை, இங்கே நன்று என்று திருப்பியனுப்பும் ஓர் இதழ் வேண்டும். கட்டணம் கூடாது. ஆண்டுக்கு ஓரிதழ் வந்தாலும் போதும். நம் மறைமாவட்டங்களின் கல்லூரிகள் பலவற்றில் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் அச்சகத் தொடர்பும் இருக்கின்றன. இதைப் பொறுப்பிலிருப்போர்க்கு எழுதியும் இருக்கிறோம்.

மாணவி இப்போது மலையடிவாரத்தில் கல்லூரி முதலாண்டு பயில்கிறாள். சென்ற விடுமுறைக்கு வந்தபோது, பள்ளிச் சேர்க்கை ஏட்டைக் காட்டத் தலைமையாசிரியர் இசைந்துவிட்டார் என்றாள். பிறகு, பழைய கல்லறைப் பதிவேடும் நம்மிடம்தானே இருக்கிறது என்று கேட்டாள். ஆம் என்றோம். பீரோச் சாவியைத் தேடினோம்.